பரிகாரச் சோறு

ஒரு ஜமீனில் செங்கமலம் என்று ஒருத்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சமையல்காரி ஆகவேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. ஜமீன்தாரோ ஜோசியரைக் கேட்காமல் யாருக்கும் வேலை தரமாட்டார்.

அவள் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார். "பத்தாமிடத்தில் சனி! இவள் சமைத்தால் ஒரு வாய் இறங்காது."

"பரிகாரம் உண்டுங்களா, சாமி?"

"என் பரிகாரம் தப்பினதே கிடையாது. சனிக்கிழமை உன் கையால் எள்ளுச் சாதம் செய்து எனக்குப் போடு. தோஷம் பறந்துவிடும்."

சனிக்கிழமை செங்கமலம் அம்மனைக் கும்பிட்டு அடுப்பு மூட்டினாள். ஜமீன்தார் எதிரிலேயே ஜோசியர் திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டார்.

செங்கமலம் கைகூப்பினாள். "சாமி, என் தோஷம் போயிடுச்சா? இல்லே, உங்க பரிகாரம் பலிக்கலையா?"

ஜோசியர் திருதிருவென்று விழித்தார். "தோஷம் போச்சு, போச்சு!"

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப இன்னிக்கே அடுப்படிக்குப் போ, தாயி. எனக்குப் பசிக்குது!"