பிள்ளைகள் நாளை என்ன கேட்பார்கள்?

தற்காலிக அறிவியல் ஆசிரியை செங்கமலத்துக்கு, ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி ஞானசிகாமணி சொன்னது புரியவே இல்லை.

"பிள்ளைங்க தாங்களா கேள்வி கேட்டுக் கத்துக்கணும். நாளைக்கு என்னென்ன கேட்பாங்கன்னு இன்னிக்கே பாடத்திட்டத்துல எழுதிடுங்க. ஒரு கேள்வி மாறினாலும் உங்க வேலை நீடிக்காது."

பாடம், ஐஸ் கட்டி கரைவது. செங்கமலம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் குழம்பிப்போய்த் தலைமையாசிரியை அறைக்கே வந்தாள். அதிகாரி அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்குப் பிடிபடலை. நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டினா புரிஞ்சுக்குவேன். இப்ப உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்கப்போறேன். அது என்னன்னு சொல்லுங்க."

"உங்க மனசுல இருக்கிறது எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று எரிந்து விழுந்தார்.

"சரிங்க சார்" என்று, அவர் சொன்ன அந்தப் பதிலையே பாடத்திட்டத்தில் 'நாளைய கேள்விகள்' என்பதற்குக் கீழே எழுதி நீட்டினாள் செங்கமலம்.

தலைமையாசிரியை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். தான் எங்கே சறுக்கினோம் என்று புரியாமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஐஸ் கரைந்ததும் முதல் பெஞ்சு மும்தாஜ் எழுந்தாள். "டீச்சர், தான் ஐஸா இருந்தது இந்தத் தண்ணிக்கு ஞாபகம் இருக்குமா?"

செங்கமலம் பாடத்திட்டத்தை எடுத்து, அதிகாரி சொன்ன வரிக்குக் கீழே அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.