உண்ணிக்கொக்கு எருமை முதுகேறிய கதை

அந்தக் காலத்தில், கொக்கு பேசினால் எருமைக்கும் புரிந்த காலத்தில், உண்ணி தின்னும் கொக்கு என்று ஒன்று கிடையாது. எல்லாக் கொக்குகளும் ஏரியில் மீன் பிடித்துத்தான் பிழைத்தன.

ஒரு கோடையில் ஏரி வற்றியது. கடலோரக் கழிமுகத்திலிருந்து கூழைக்கடா என்ற பெரிய பறவை ஒன்று தன் தாடைப் பை நிறைய மீன் கொண்டுவந்து கரையில் கொட்டத் தொடங்கியது. நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு விதி இருந்தது. தானாக இரை தேடிக்கொண்டவர் மீன் வாங்கும் வரிசையில் நிற்கக் கூடாது. பசியில்லாதவருக்கு எதற்கு மீன்? அதனால் கொக்குகள் இரை தேடுவதையே விட்டுவிட்டன.

போகப்போக மீன் குறைந்தது. வெள்ளச்சி என்ற கொக்கின் குஞ்சு ஒரு காலையில் பசியில் துவண்டு தலை தூக்கவில்லை.

ஏரியில் மிஞ்சிய சேற்றில் ஓர் எருமை படுத்திருந்தது. உடம்பெல்லாம் உண்ணி. வெள்ளச்சி வரிசையை விட்டு நகர்ந்தாள்.

"எங்கடி போறே? மாட்டுக்குப் பேன் பார்க்கவா?" என்றாள் பக்கத்தில் நின்ற நெட்டைக்காலி. "அது உதறி விட்டுட்டா அந்த இரையும் இல்ல, இந்த மீனும் இல்ல. குஞ்சை நினைச்சுப் பாரு."

"அதை நினைச்சுத்தான் போறேன்."

எருமை திரும்பிப் பார்க்கவில்லை. "பிச்சைக்கு என்கிட்டயும் வந்துட்டியா? இங்கே சேறுதான் இருக்கு."

"பிச்சை இல்லக்கா. உண்ணியை எடுக்கறேன். உங்களுக்கு அரிப்புப் போகும், எனக்கு இரை ஆச்சு."

"காக்காயும் இப்படித்தான் சொல்லிச்சு." எருமை முகத்தைத் திருப்பியது. ஒரு கண் இல்லை. "மிச்சக் கண்ணோட இமையிலதான் பெரிய உண்ணி. அதுல ஆரம்பி. குத்தினே, மிதிச்சிடுவேன்."

வெள்ளச்சி முதுகேறிக் கழுத்தை நீட்டினாள். குறி பார்த்து எத்தனை காலம்! அலகு தவறாது என்று அவளுக்கே நம்பிக்கையில்லை.

கொத்தினாள்.

இமையில் ரத்தம் துளிர்த்தது. சேற்றிலிருந்து முன்னங்கால் ஒன்று மேலெழுந்து அப்படியே நின்றது. கண் ஒருமுறை மூடித் திறந்தது. கால் மெல்லத் தாழ்ந்தது.

"காதுக்குள்ள இன்னொண்ணு இருக்கு" என்றது எருமை.

நண்பகலில் வந்த கூழைக்கடா அவள் அலகிலிருந்த ரத்தத்தைப் பார்த்தது. "இனி வரிசையில உனக்கு இடமில்ல."

"வேண்டாங்க. இத்தனை நாள் என் குஞ்சு உயிரோட இருக்கறது உங்க மீனாலதான். என் பங்கை வரிசைக் கடைசியில நிக்கற அந்தக் கிழட்டுக் கொக்குக்குக் குடுங்க, அவளால முதுகேற முடியாது. ஏற முடிஞ்சவங்களை ஏற விடுங்க. அந்த விதியை மட்டும் எடுத்துடுங்க."

கூழைக்கடா சிறகை விரித்துப் பறந்தது. பிறகு வரவேயில்லை. கோபமா, அங்கேயும் மீன் தீர்ந்துவிட்டதா, யாருக்கும் தெரியாது. நெட்டைக்காலியும் மற்றவர்களும் எருமைகளைத் தேடிப் போனார்கள். வெள்ளச்சியின் குஞ்சு பிழைத்தது. கிழட்டுக் கொக்கு வானத்தைப் பார்த்தபடியே கரையில் செத்தது.

அன்று முதல்தான் உண்ணிக்கொக்கு எருமை முதுகில் நிற்கிறது. கண்ணோரம் அலகு வந்தாலும் எருமை அசைவதில்லை. தலைக்கு மேல் பெரிய நிழல் ஏதும் கடந்தால் மட்டும், கொக்கு கொத்துவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறது.