மோதிரம் போட்ட செடி

கோணப்பாறை ஊரில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே இருந்தது.

அந்த ஊர் ஒண்டிமுத்துவுக்கு ஒரே கவலைதான். காட்டிலாகாவில் நிரந்தர வேலை கிடைத்தால்தான் மரகதத்தைக் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். இப்போதைக்கு இருந்தது மூன்று நாள் கூலி வேலை. அவனோடு சடையப்பனும் ஆரோக்கியமும்.

ரேஞ்சர் ஒரு போட்டோவைக் கொடுத்தார். துடைப்பக்குச்சி போன்ற கிளை, மஞ்சள் பூ, அதைப் பிடித்திருக்கும் ஒரு கை.

“சீமையிலிருந்து வந்த செடி. பாதையோரமெல்லாம் பரவி நம்ம ஊர்ப் பூவை அழிக்குது. நம்ம ஊர்க் கிலுகிலுப்பைச் செடியும் மஞ்சளாத்தான் பூக்கும், ஏமாந்துராதீங்க. போட்டோவுல இருக்கிற மாதிரியே இருந்தா வேரோட பிடுங்குங்க. மயிரிழை மாறினாலும் தொடக்கூடாது. வேர் தங்கிட்டா மறுபடி தழையும். அப்புறம் வருஷக்கணக்கா ஒருத்தன் காவல் கிடக்கணும்.”

மலைப்பாதையின் இருபுறமும் மஞ்சள் பற்றி எரிந்தது. ஒண்டிமுத்து ஆசையாக முதல் செடியின் அடியைப் பிடித்தான்.

“கையை எடுடா,” என்றான் சடையப்பன். ஆறாவது வரை போனவன். “போட்டோவுல கட்டைவிரல் இருக்கு. இதுல எங்க?”

மூவரும் செடியைச் சுற்றிவந்து தேடினார்கள். இல்லை.

“பிஞ்சுச் செடியோ என்னவோ. விரல் இனிமேதான் விடும்,” என்றான் ஆரோக்கியம்.

“பூ விட்டாச்சு, விரல் விடலையாக்கும்! இது நம்ம ஊர்ச் செடிடா.”

மத்தியானத்துக்குள் நானூறு செடிகளை விசாரித்து, நானூறையும் மன்னித்து விட்டார்கள். ஒண்டிமுத்து மரகதத்தை நினைத்துக்கொண்டான். ஒரு செடிகூடப் பிடுங்காதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அப்போது மலையேற வந்த ஒரு அம்மாள் பூ ஒன்றைக் கிள்ளி முகர்ந்தாள்.

“விரல்!” என்று கத்தினான் ஒண்டிமுத்து. “அம்மா, ஆடாம நில்லுங்க!”

சடையப்பன் போட்டோவை அவள் கையருகே வைத்துப் பார்த்தான். “இதுல பச்சைக்கல் மோதிரம் இருக்கு. உங்ககிட்ட இல்லை. நீங்க நம்ம ஊர்ச் செடிதான், போய்ட்டு வாங்க.”

அந்த அம்மாள் போன வேகத்தில் செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் ரேஞ்சர் வந்தார். ஒரு செடிகூட அசையவில்லை என்று கண்டதும் கொதித்துப்போய், ஓரத்துச் சேற்றில் இறங்கி, ஒரு கொத்தை ஒடித்து நீட்டினார். “முட்டாப் பசங்களா, இதுதான்டா அது!”

மூவரும் பார்த்தார்கள். மஞ்சள் பூ. கட்டைவிரல். பச்சைக்கல் மோதிரம். மயிரிழை மாறவில்லை.

“வேரோட!” என்றான் சடையப்பன்.

ஒண்டிமுத்து ரேஞ்சரின் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். மற்ற இருவரும் ஆளுக்கொரு தொடை.

“டேய், விடுங்கடா!”

“துள்ளாதீங்க சார், விதை சிதறிரும்.”

மூன்றாவது இழுப்பில் ரேஞ்சர் வந்துவிட்டார். பூட்ஸ் இரண்டும் சேற்றிலேயே நின்றன.

“போச்சு,” என்றான் ஆரோக்கியம். “வேர் தங்கிட்டுது.”

ஒண்டிமுத்துவின் முகம் மலர்ந்தது. பூட்ஸுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “வருஷக்கணக்கா ஒருத்தன் காவல் கிடக்கணும்னு சாரே சொன்னாருல்ல? ஓடுங்கடா, மரகதம் வீட்டுல சொல்லுங்க. வேலை நிரந்தரமாயிருச்சுன்னு.”

வெறுங்காலோடு ரேஞ்சர் முன்னே ஓட, மற்ற இருவரும் செய்தியோடு பின்னால் இறங்கினார்கள். எல்லார் தலையும் மறைந்ததும் ஒண்டிமுத்து அக்கம்பக்கம் பார்த்தான். வேர் பட்டுப்போனால் வேலை போய்விடுமே என்று, இரண்டு பூட்ஸிலும் ஒவ்வொரு கை தண்ணீர் ஊற்றினான்.