தனிச்சட்டி

தென்காசிப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் சூடாமணி மருந்து இடிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயது ஐம்பது. கற்றுக்கொடுத்த வைத்தியர் வேதவல்லி அவளைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் சூடாமணி குருவின் முன்னால் உட்கார்ந்து பேசியதில்லை.

அன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள்.

"வீட்டுக்காரருக்குக் கொழுப்பு கொஞ்சமும் இறங்கலை அம்மா. நெஞ்சுவலி ஒரு தடவை வந்து போயிட்டு. இன்னொண்ணு வந்தா தாங்க மாட்டார்."

"மாத்திரை போடுதாரா?"

"டாக்டர் தந்ததை நானே முன்னால நின்னு விழுங்க வைக்கேன்."

"சாப்பாடு?"

"காலையில ஊறவச்ச வெந்தயம். மத்தியானம் கொள்ளு ரசம், பூண்டு, வாழைத்தண்டு. எல்லாம் தனிச்சட்டி. வீட்டுல மத்தவங்க கரண்டிகூட அதுல படாது. எதை விட்டுட்டேன், சொல்லுங்க."

வேதவல்லி சீட்டை மடித்துக் கொடுத்தாள்.

"நாளைக்கு உங்க வீட்டுல சாப்பிடுதேன், அக்கா."

மறுநாள் சூடாமணி இரண்டு சமையல் செய்தாள். குருவுக்குச் சாம்பார், வடை, உருளைக்கிழங்கு வறுவல். கணவர் ஆவுடையப்பனுக்கு வழக்கமான தனிச்சட்டி. இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள்.

வேதவல்லி வடையை ஒதுக்கினாள். "எனக்கும் அந்த ரசத்தையே ஊத்துங்க."

"அது பத்தியம் அம்மா. உங்களுக்கு எதுக்கு?"

"ஊத்துங்க."

ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ருசி பார்த்தீங்களா?"

"பத்தியத்தை யாராவது ருசி பார்ப்பாங்களா?"

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு மாசமா இதைக் கொல்லையில முருங்கைமரம்தான் குடிக்கு. இந்த வருசம் நல்ல காய்ப்பு."

சூடாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நீங்க என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டு கடையில புரோட்டா. அங்க நாலு பேர் கூட உட்கார்ந்து சாப்பிடலாம். இங்க நான் நோயாளி. நீங்க எல்லாரும் தள்ளி உட்கார்ந்து வேற சாப்பிடுதீங்க."

சூடாமணிக்குக் கோபம் வந்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு குருவைப் பார்த்தாள்.

"நான் இவர் உயிரைப் பிடிச்சு வைக்கப் பார்க்கேன். இனி எந்த மருந்தைத்தான் கொடுக்க?"

வேதவல்லி தன் இலையைச் சற்றே நகர்த்தி இடம் விட்டாள்.

"மருந்து இருக்கட்டும் அக்கா. உங்களுக்கும் ஒரு இலை எடுத்து அவர் பக்கத்துல போடுங்க."