பல் பிடுங்க வந்த அனுமதி அதிகாரி

பொதிகைக்கோட்டை அரசர் வீரமாறருக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னம் பணியாரம் போல உப்பிவிட்டது. பக்கத்தில் போனவர்களெல்லாம் திட்டு வாங்கித் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவைப் புலவன் குழைக்காதன் உள்ளே நுழைந்தான்.

அவன் கவலை வேறு. குயவர் மாடசாமியின் காலில் பெரிய கட்டி. சீழ் பிடித்துத் தொடை வரை வீங்கிவிட்டது. "இன்றே கீறாவிட்டால் உயிருக்கே ஆபத்து" என்றார் அரண்மனை வைத்தியர் நம்பிராயர். ஆனால் அவரால் கத்தியைத் தொட முடியவில்லை.

குடிகள் அறுவடைதோறும் மருந்துக் களஞ்சியத்துக்கு நெல் அளப்பார்கள். நோய் வந்தால் வைத்தியம் இலவசம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'அரண்மனை வைத்தியர் எந்தச் சிகிச்சைக்கும் முன்அனுமதி பெறவேண்டும்' என்று அரசர் ஓர் ஆணை போட்டிருந்தார். அனுமதி தரும் அதிகாரி ஆளவந்தான் நோயாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே சொல்லிவிட்டார்: "கத்தி எதற்கு? முதலில் பத்து நாள் மூலிகை அரைத்துப் பத்துப் போடட்டும்."

குயவரின் மனைவி உலகம்மை குழைக்காதனிடம் வந்து குமுறினாள். "பத்து நாளும் பத்துப் போட அவரு உசுரோட இருக்கணுமே சாமி!"

குழைக்காதன் அரசர் முன் கைகட்டி நின்றான்.

"அரசே, நம்பிராயரைவிடப் பெரிய வைத்தியர் ஒருவர் இங்கேயே இருக்கிறார்."

"யாரப்பா அது?"

"ஆளவந்தான்! நம்பிராயருக்கு நாடி பிடிக்க வேண்டும், நாக்கைப் பார்க்க வேண்டும். இவருக்கு எதுவும் வேண்டாம். ஆளைப் பார்க்காமலே வைத்தியம் சொல்கிறார். நம்பிராயர் சொன்னதையே தப்பென்று தள்ளுகிறார் என்றால் பாருங்களேன்!"

வலியில் அரசருக்கு யோசிக்கப் பொறுமை ஏது? "இந்தக் கணம் முதல் அவன்தான் அரண்மனை வைத்தியன். கூப்பிடு அவனை!"

பதவி உயர்வு என்று கேட்டதும் பட்டு உத்தரீயம் பறக்க ஓடிவந்தார் ஆளவந்தான். குழைக்காதன் அவர் கையில் பல் பிடுங்கும் குறடு ஒன்றைத் திணித்தான். அரசர் வாயைப் பிளந்தார்.

ஆளவந்தான் பல்லைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார். "அ... அரசே, ஒரு பத்து நாள் பத்துப் போட்டுப் பார்த்தால்..."

"பத்தா? இன்னும் ஒரு நொடி போனால் உன் தலை இருக்காது!"

ஆளவந்தான் தடாலென்று காலில் விழுந்தார். "எனக்கு வைத்தியமே தெரியாது, அரசே!"

"தெரியாதா? பிறகு எதை வைத்து நம்பிராயரைத் தடுத்தாய்?"

"களஞ்சியம் குறையாமல் இருந்தால் நீங்கள் மெச்சுவீர்களே என்று..."

அரசர் உப்பிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். மெச்சியது உண்மைதானே!

"போதும். நம்பிராயரைக் கூப்பிடு."

"அவர் மாடசாமி வீட்டில் கட்டியைக் கீறிக்கொண்டிருக்கிறார், அரசே" என்றான் குழைக்காதன்.

"அனுமதி இல்லாமலா?"

"ஆணை அரண்மனை வைத்தியருக்குத்தானே? அந்தப் பதவியைச் சற்றுமுன் இவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். நான் சொல்லியனுப்பிய சேதி காதில் விழுந்ததுமே நம்பிராயர் கத்தியும் கையுமாக ஓடிவிட்டார்!"

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று அலறி அலறிச் சிரித்தார்.

சாயங்காலம் நம்பிராயர் திரும்பினார். மாடசாமி பிழைத்தார், அரசரின் பல்லும் வெளியே வந்தது. பழைய பதவியும் நம்பிராயருக்கே திரும்பியது.

"குழைக்காதா, என்ன வேண்டும், கேள்!" என்றார் அரசர்.

"ஆணையில் ஒரு சின்னத் திருத்தம் போதும், அரசே. ஆளவந்தான் இருக்கட்டும், முன்அனுமதியும் இருக்கட்டும். ஆனால் இனி வைத்தியம் செய்ய அனுமதி வேண்டாம். வைத்தியத்தை மறுக்க வேண்டுமென்றால், அதற்கு இவர் போய் அனுமதி வாங்கட்டும்."

"யாரிடம்?"

"நோயாளியின் பெண்டாட்டியிடம்!"