கதவு தன் நாக்கைக் கடித்துக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் கதவுகளுக்கும் பேச வாய் இருந்தது. பூட்டு என்று ஒன்று கிடையாது. யார் வந்து வழி கேட்டாலும் கதவு திறந்துவிடும். முடியாது என்று சொல்ல அதற்கு வராது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். அவள் கணவன் பொன்னப்பன் நாற்பது வருடம் பரிசல் ஓட்டியவன். வயதானபின் அவனுக்கு நினைவு மங்கிவிட்டது. பரிசல் மக்கிப்போய்ப் பல காலமாகியும், அக்கரைக்குப் போக வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருப்பான். காத்தாயி புல்லறுக்கப் போனால்தான் இருவருக்கும் கஞ்சி. அதனால் தினமும் அவனைப் பார்த்துக்கொள்ளும்படி கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒருநாள் ஆற்றில் புதுவெள்ளம். பொன்னப்பன் வந்து கதவைத் தடவினான். அக்கரையில் ஆட்கள் காத்து நிற்பதாகவும், கைக்குழந்தைக்காரி ஒருத்தி வெயிலில் வாடுவதாகவும் சொல்லிக் கெஞ்சினான். கதவுக்கு மனம் கேட்கவில்லை. திறந்துவிட்டது.

நடுப்பகலில் திரும்பிய காத்தாயி வெறும் வீட்டைக் கண்டு ஆற்றுக்கு ஓடினாள். மார்பளவுத் தண்ணீரில் நாணலைப் பிடித்தபடி அவன் நடுங்கிக்கொண்டு நின்றான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவள் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டான்.

அவனைத் துவட்டிப் படுக்கவைத்துவிட்டு, காத்தாயி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். கதவை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் கதவைச் சுட்டது.

"பேச நாக்கு இருக்கிறவரை நான் இளகித்தான் போவேன், தாயி," என்றது அது. "இனி நீ இழுத்துச் சாத்திவிட்டுப் போ, நானே பூட்டிக்கொள்கிறேன். என் நாக்கு நுனி உன்னிடம் இருக்கட்டும். அது வந்தால்தான் திறப்பேன். ஆனால் சாயங்காலம் நீயே அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும்."

சொல்லிவிட்டுத் தன் நாக்கைக் கடித்துக்கொண்டது. நுனி அவள் உள்ளங்கையில் விழுந்தது. மீதி நாக்கு இரும்பாகிக் கதவோடு நின்றது.

மறுநாள் சாயங்காலம் அவள் அந்த நுனியால் திறந்து, அவனைக் கரைக்கு அழைத்துப் போனாள்.

"அக்கரைக்குப் போகணுமா அம்மா?" என்று கேட்டான் பொன்னப்பன்.

"இல்லை. உங்க பக்கத்திலேயே இருக்கேன்," என்றாள் காத்தாயி.

அன்று முதல்தான் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன, சாவி இல்லாமல் யாருக்கும் திறப்பதில்லை. சாத்தும்போது 'டக்' என்று கேட்கிறதே, கதவிடம் மிச்சமிருக்கும் பேச்சு அவ்வளவுதான்.