ஐந்தெழுத்தும் ஐந்து எண்ணும்

நெல்லிவனத்து மடத்தின் தேவாரப் பாடசாலையில் இருபத்திரண்டு மாணாக்கர்கள். அவர்களில் நான்காம் ஆண்டு படித்த குழந்தைவேலுவின் குரலுக்கு ஈடில்லை என்று ஊரே சொல்லும். அவனுக்கும் அது தெரியும். கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் கார்த்திகைக்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. ஆனாலும் பாடினான். சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அவனுக்கோ வேறு யாரோ பாடி, வேறு யாருக்கோ பாராட்டு கிடைப்பது போல் இருந்தது.

மடத்திலிருந்து ரயில்வே கேட் வழியாகப் போனால் கோயில் ஐந்து நிமிடம். மார்கழி பிறந்ததும் அவன் அந்த வழியை விட்டுவிட்டான். கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் நடந்தான். தண்டவாளத்தைப் பார்த்தால் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அவனுடைய ஆசிரியர் வைத்தியலிங்க தேசிகர். அறுபதைத் தாண்டியவர். அதட்ட மாட்டார், அடிக்க மாட்டார். யாராவது பிசகினால் கையிலிருக்கும் தாளத்தைக் கீழே வைத்துவிடுவார். அதற்கே மாணாக்கர்கள் நடுங்குவார்கள்.

ஒரு நாள் காலைப் பாடம் முடிந்து மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் குழந்தைவேலு எழுந்திருக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"இறைவனைப் பாடறவனுக்கு மனசு ஒடிஞ்சு போகுமா?"

"யாருக்கு ஒடிஞ்சுது?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

தேசிகர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பொதுவாக் கேக்கறவனுக்கு இடுப்பு வேட்டி இப்படி நழுவாது. எத்தனை நாளாச் சாப்பிடலை?"

அவன் தலை குனிந்தான். "ரெண்டு மாசமாவே சரியில்லை ஐயா."

"என்ன காரணம்?"

"காரணம் ஒண்ணும் இல்லை. அதான் வெக்கமா இருக்கு."

தேசிகர் சுருதிப் பெட்டியை நிறுத்தினார். கூடம் திடீரென்று வெறிச்சென்று ஆனது.

"செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

இப்படி நேரடியாகக் கேட்பார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. தானே தனக்குள் முழுசாகச் சொல்லிப் பார்க்காத வார்த்தை. அதைக் கேட்டதும் அழுகை வரவில்லை. மூச்சுதான் வந்தது.

"தோணுது ஐயா."

"கடைசியா எப்போ தோணிச்சு?"

"இன்னிக்குக் காலையில."

தேசிகர் எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செருப்பைப் போட்டுக்க."

"எங்க ஐயா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு."

பேருந்தில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்துப் பக்கத்தில் தேசிகர் உட்கார்ந்தார். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று கண்டக்டரிடம் அவர் சீட்டுக் கேட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"ஐயா, நான் உங்ககிட்டதானே கேட்டேன். டாக்டர்கிட்டயா கேட்டேன்? நீங்க ஒரு பதிகம் சொல்லுங்க. ஒரு மண்டலம் விடாமப் பாடறேன்."

தேசிகர் அவன் பக்கம் திரும்பினார்.

"பத்தொம்பது வருஷம் முன்னால ஏகாம்பரம்னு ஒரு பையன் இருந்தான். உன்னை மாதிரியே வந்து கேட்டான். அவனுக்கு நான் ஒரு பதிகம் சொன்னேன். நாப்பத்தெட்டு நாள் பாடுடா, எல்லாம் சரியாப் போகும்னேன். பாடினான். ஒரு நாள் தவறலை. ஒரு சொல் தவறலை. முப்பத்தோராம் நாள் அவன் இல்லை."

பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"அப்போ பதிகம் பொய்யா ஐயா?"

"பதிகம் பொய்யில்லை. அவன் என்னைக் காது குடுத்துக் கேக்கச் சொன்னான். நான் அவனைப் பாடச் சொல்லிட்டேன்."



ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு முன்னால் நீள பெஞ்சு. நெற்றி நிறையத் திருநீறும் கழுத்தில் ருத்திராட்சமுமாக இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொள்ள நினைத்தான். தேசிகர் முதுகு நிமிர்ந்து, சபையில் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அவனும் நிமிர்ந்தான்.

அப்போது சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த மடத்துக் காரியஸ்தர் அருணகிரிப் பிள்ளை அவர்களைக் கண்டுவிட்டார். கதவின் மேலிருந்த எழுத்தைப் படித்தார். முகம் மாறியது.

"தேசிகரே, இங்க என்ன வேலை?"

"மாணாக்கனோட வந்திருக்கேன்."

"அவனுக்கு என்ன?"

"அதை அவன்தான் சொல்லணும். சொல்ல வேண்டாம்னு நெனச்சா வேண்டாம்."

காரியஸ்தர் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

டாக்டர் ரஹ்மத் நிஷா அவனை மட்டும் உள்ளே அழைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவன் முகம் வீங்கியிருந்தது. "பாட்டு இல்லாம இவ்வளவு நேரம் நான் வாயைத் திறந்ததே இல்லை ஐயா" என்றான்.

பிறகு அவன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு டாக்டர் தேசிகரையும் கூப்பிட்டார்.

"இது மனத்தளர்ச்சி நோய். தம்பி பண்ணின தப்பு இல்லை, பக்தி குறைஞ்சதாலயும் இல்லை. குணமாகும். மாத்திரை வேலை செய்ய மூணு வாரம் ஆகும். வாய் உலரும், பயப்பட வேண்டாம். தானா நிறுத்தக் கூடாது. வாரா வாரம் வந்து பேசணும். இப்போதைக்கு அவரைத் தனியா விடாதீங்க."

"விட மாட்டேன்."

"நடுவுல தாங்க முடியலேன்னா ஒரு எண் இருக்கு. போன் பண்ணினாப் போதும். பேர்கூடச் சொல்ல வேண்டாம்."

"கோழி கூவறதுக்கு முன்னால பண்ணினாலும் எடுப்பாங்களா?"

"எந்நேரமும் எடுப்பாங்க."

தேசிகர் எண்ணைக் கேட்டார். ஒருமுறை கேட்டார், திருப்பிச் சொன்னார், மனசில் வாங்கிக்கொண்டார்.

அன்றே குழந்தைவேலுவின் பாய் தேசிகர் அறைக்கு மாறியது. ஏன் என்று அவர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

மறுநாள் காலை இருபத்திரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். தேசிகர் கரும்பலகையில் ஐந்து எண்களை எழுதினார். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. தாளத்தைக் கையில் எடுத்தார்.

"அஞ்சு எண். அஞ்சு அட்சரத்துல உக்காரும். சொல்லுங்க."

மாணாக்கர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சொன்னார்கள். தேசிகர் மறுபடி தட்டினார். மறுபடி சொன்னார்கள். கூடத்துக் கூரை வரை எண்கள் ஏறின.

கடைசி வரிசையிலிருந்து செல்வமுத்து கேட்டான். முரடன் என்று பெயரெடுத்தவன். "ஐயா, இதை எந்தப் பண்ணுல பாடணும்?"

"எந்தப் பண்ணும் வராதப்போ பாடணும்."

அந்த எண் எதற்கானது என்பதை விளக்கினார். மனசு தாங்காமல் போனால், சாக வேண்டும் என்று தோன்றினால், உடனே இதை அழைக்க வேண்டும், தன்னையும் எழுப்ப வேண்டும், எந்த வேளையானாலும் சரி என்றார். மறுபடி தாளம் போட்டார்.

சத்தம் கேட்டுக் காரியஸ்தர் வந்துவிட்டார்.

"என்ன கூத்து இது தேசிகரே? அஞ்செழுத்து சொல்ற வாயால அஞ்சு எண்ணைச் சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரே வாய்தானே இருக்கு."

"இந்தப் பாடசாலைக்கு நூத்திப் பத்து வயசு. இதுவரைக்கும் இப்படி ஒரு பாடம் நடந்ததில்லை."

"நடந்ததில்லை. தப்பு என்னோடது. அப்புறம் ஒண்ணு. பிள்ளைங்க போனை எல்லாம் உங்க ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமைதான் தர்றீங்க. மனசு ஞாயித்துக்கிழமை பாத்தா ஒடியுது? ஒரு போனாவது வெளியில இருக்கட்டும்."

காரியஸ்தர் குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "நேத்தே பாத்தேன். மடத்துப் பிள்ளைங்களுக்குப் பைத்தியம்னு ஊர் சொல்லும். இங்க அப்படி யாரு இருக்கா, சொல்லுங்க."

தேசிகர் கண் குழந்தைவேலு பக்கம் திரும்பவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தன்னைக் காப்பாற்றத்தான் அவர் பார்க்காமல் இருக்கிறார் என்று குழந்தைவேலுவுக்குப் புரிந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், மற்ற மாணாக்கர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, பெஞ்சில் தான் நிமிர்ந்து உட்கார்ந்தது அவன் உடம்புக்கே ஞாபகம் வந்தது.

எழுந்து நின்றான்.

"நான்தான் போனேன். எனக்கு உடம்பு சரியில்லாமப் போனா எந்த டாக்டர்னு கேப்பீங்க. மனசு சரியில்லை, அதுக்கு டாக்டர்கிட்டப் போனேன். அடுத்த திங்கக்கிழமையும் போவேன்."

குரல் நடுங்கியது அவனுக்கே கேட்டது. ஆனால் சொன்னது தானேதான், வேறு யாரோ அல்ல என்பதும் தெரிந்தது. கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக அவன் குரலுக்குள் அவனே இருந்தான்.

இருபத்தொரு பேரும் குழந்தைவேலுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவனும் சிரிக்கவில்லை.

தேசிகர் தாளத்தை எடுத்தார். "உக்காருப்பா. எல்லாரும் முதல்லேருந்து."

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் ஒரு முக்காலி மேல் பழைய போன் ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

மாத்திரை மூன்று வாரத்தில் வேலை செய்யவில்லை. ஐந்து வாரம் ஆயிற்று. இடையில் ஒரு மத்தியானம் மறுபடியும் எல்லாம் இருண்டு வந்தது. குழந்தைவேலு முக்காலியருகே போய் ஐந்து எண்களை அழுத்தினான். மறுமுனையில் ஒரு பெண் குரல், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றது. அன்று தேசிகர் பாடத்தை நிறுத்திவிட்டு அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார், அவன் போனை வைக்கும் வரை.

மாசி மாதம் அவனுக்கு ரசத்தின் ருசி தெரிந்தது. அதை ஓடிப்போய்த் தேசிகரிடம் சொன்னான். அவர் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.

பங்குனியில் செல்வமுத்து அவனைத் தனியாகக் கூப்பிட்டான். வெகுநேரம் கிரிக்கெட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்?"

"நான் கூட வரேன்" என்றான் குழந்தைவேலு.

திங்கட்கிழமை பேருந்தில் செல்வமுத்துவை ஜன்னலோரம் உட்காரவைத்தான். கண்டக்டரிடம் இரண்டு சீட்டு என்று சொன்னபோது தன் குரல் நன்றாக இருப்பதாக அவனுக்கே பட்டது.

வைகாசியில் குருபூஜை. சுற்றுவட்டாரத்து மடங்களிலிருந்தெல்லாம் ஓதுவார்கள் வந்திருந்தார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது. குழந்தைவேலு பாட உட்கார்ந்தான். நான்காவது பாடலில் மாத்திரையால் நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. முன்பாயிருந்தால் தொண்டை கிழிந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டான்.

நிறுத்தினான். கூட்டம் காத்திருந்தது. "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி. சொம்பு வந்தது. அவசரப்படாமல் குடித்தான். விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.

அன்று அவன் பாடியதைக் கேட்டு முன் வரிசையில் அருணகிரிப் பிள்ளை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாடி முடித்து அவன் இறங்கி வரும்போது, வெளியூர் மடத்து மூத்த ஓதுவார் ஒருவர் தேசிகரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"குரல் நல்ல குரல்தான் தேசிகரே. ஆனா சபை நடுவுல பாட்டை நிறுத்தித் தண்ணி கேக்கறதாவது? நம்ம நாள்ல இப்படி உண்டா? யாரு மாணாக்கன் இவன்?"

"என் மாணாக்கன்" என்றார் தேசிகர். அவர் இவ்வளவு உரக்கப் பேசிக் குழந்தைவேலு கேட்டதில்லை. மண்டபத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்களா இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க?"

"பாட்டு நான் சொல்லிக் கொடுத்தது. தண்ணி கேட்டது, அவனாக் கத்துக்கிட்டது."